உபதேசம் போதாது, பங்கு கொள்ள வேண்டும்

நண்பர்களுக்கிடையிலும் கணவன் மனைவிக்கிடையிலும் மிக இலகுவாகக் கொடுக்கப்படும் பொருள் அறிவுரையாகும். 'நீ இன்னும் படித்திருக்கலாம்', 'அந்தப் பழக்கத்தை விட்டுவிடு', 'அவனைப் பார், எப்படி வந்துவிட்டான்' என்ற வார்த்தைகள் ஒலிக்காத வீடோ தேநீர்க் கடையோ எமது ஊர்களில் இல்லை எனலாம். இவற்றைச் சொல்வோர் பெரும்பாலும் நல்ல நோக்கத்துடனேயே சொல்கின்றனர். ஆயினும் கேட்டவர் அதனால் உயர்ந்தாரா என்று பார்த்தால் கிடைக்கும் விடை திருப்தியளிப்பதாக இல்லை. ஒருவரது முன்னேற்றத்துக்கு அவருக்கு மிக நெருக்கமானவர்கள் எந்த வகையில் உதவ முடியும் என்பதை நாம் போதியளவு சிந்திக்காதிருப்பதே இதற்குக் காரணமாகும்.

திருகோணமலை மாவட்டத்தைப் பொறுத்தவரையில் இது பொழுதுபோக்காகப் பேசிவிட்டுப் போகும் விடயமன்று. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைக் கொண்ட இம்மாவட்டத்தில், பிரித்தானியர் 1957 ஆம் ஆண்டு தமது கடற்படைத் தளத்தைக் கையளித்துச் செல்லும் வரை, துறைமுகத்தைச் சார்ந்த தொழில்கள் பல குடும்பங்களுக்கு வாழ்வளித்தன. பின்னர் சீனன்குடாவை அண்டி மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் எழுந்தன. கடற்றொழில், விவசாயம், கட்டட வேலை, சிறு வியாபாரம் ஆகியனவே இன்றும் பெரும்பாலானோரின் சீவனோபாயங்கள். இத்தொழில்களில் கைதேர்ந்தவர்களுக்கு இங்கு பஞ்சமில்லை. ஆனால் அவர்களுள் பலரது பாடசாலைக் கல்வி இடைநடுவில் அறுந்துபோன ஒன்றாகும்.

அது அவர்களது சோம்பலால் நேர்ந்ததன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தம் ஒரு முழுத் தலைமுறையின் பாடசாலை நாட்களைத் தின்றது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரக் கிராமங்களைச் சூறையாடியது. 2006 ஆம் ஆண்டில் சம்பூர்ப் பகுதித் தமிழர்களும் மூதூர் முஸ்லிம்களும் சில மாத இடைவெளியில் உடுத்த உடையுடன் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. அன்று பத்து, பதினைந்து வயதில் புத்தகப் பையைத் தொலைத்தவர்களே இன்று குடும்பங்களைத் தாங்கும் கணவன்மாரும் மனைவிமாருமாவர். இவர்களிடம் 'நீ படித்திருக்கலாம்' என்று கூறுவது உதவியாகாது. ஆறாத புண்ணைத் தொட்டுக் காட்டும் செயலாகவே அது முடியும்.

அவ்வாறாயின் நெருக்கமானவர்கள் செய்யக்கூடியது என்ன? இது குறித்து உளவியலாளர்கள் நீண்டகாலமாக ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டீபன் டிரிகோட்டாஸ், கரில் ரஸ்பல்ட் ஆகியோரும் அவர்களது சகாக்களும் 1999 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று இத்துறையில் பெரிதும் பேசப்படுவதாகும். கல்லுக்குள் உருவம் ஏற்கனவே உறங்கிக் கிடக்கின்றது, சிற்பி வேண்டாத பகுதிகளைச் செதுக்கி அதனை வெளிக்கொணர்கின்றான் என்பது இத்தாலியச் சிற்பி மைக்கல் ஆஞ்சலோவுடன் தொடர்புபடுத்திப் பேசப்படும் கருத்தாகும். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அவ்வாறே உருவாக்குகின்றனர் என்பதை விளக்கிய அந்த ஆய்வாளர்கள், அதற்கு அச்சிற்பியின் பெயரையே சூட்டினர்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. ஒருவர் தாம் எவ்வாறு ஆக வேண்டும் என்று தமக்குள் விரும்புகின்றாரோ, அந்த விருப்பத்தைத் துணைவர் அறிந்து, அதற்குரியவராக அவரை நடத்தும் போதுதான் வளர்ச்சி ஏற்படுகின்றது, உறவும் உறுதியடைகின்றது. மாறாக, துணைவர் தமது சொந்த ஆசையை மற்றவர் மீது ஏற்றி, அதற்கேற்ப அவரை வளைக்க முற்படுவாராயின் விளைவு எதிர்மாறாகவே அமையும். கடலையே வாழ்வாகக் கொண்டு, சொந்தப் படகொன்றைக் கனவு காணும் கணவனை அரசாங்க உத்தியோகம் பார்க்கவில்லையே என்று நாள்தோறும் குத்திக் காட்டும் மனைவியும், தையலில் சிறந்து விளங்கும் மனைவியை ஆசிரியையாகவில்லையே என்று குறைகூறும் கணவனும் செதுக்குவதாக எண்ணிக்கொண்டு கல்லையே உடைக்கின்றனர்.

எமது மரபுகளுக்கு இது புதிய செய்தியன்று. முதல் வஹி அருளப்பட்டு நடுக்கத்துடன் இல்லம் திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் போர்த்தி ஆறுதல்படுத்திய அன்னை கதீஜா (ரழி) அவர்கள், உறவைப் பேணுதல், வறியோருக்கு உதவுதல் முதலாக நாயகத்திடம் ஏற்கனவே விளங்கிய நற்குணங்களையே எடுத்துரைத்தார்கள் என்பதை முஸ்லிம்கள் அறிவர். பின்னர் விடயமறிந்த தமது உறவினரான வரகாவிடம் நாயகத்தை அழைத்துச் சென்றவரும் அன்னையாரே. ஆறுதல், நற்குணத்தை நினைவூட்டல், உடன் செல்லுதல் ஆகிய மூன்றும் அந்நிகழ்வில் அடுத்தடுத்து நிற்கின்றன. நண்பன் தவறும்போது இடித்துரைக்க வேண்டும் என்பது தமிழ் மரபு என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் இடித்துரைக்கும் உரிமை, இடரில் உடனிருந்தவனுக்கே உரியது என்பதும் அதே மரபின் உட்கிடையாகும்.

உடனிருத்தலின் வலிமையை எண்களாலும் காட்டலாம். அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரை மையமாகக் கொண்டு 1971 முதல் 2003 வரை திரட்டப்பட்ட 12,067 பேரின் தரவுகளை நிக்கலஸ் கிறிஸ்டாக்கிஸ், ஜேம்ஸ் பௌலர் ஆகியோர் ஆராய்ந்து 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகளின்படி, கணவனோ மனைவியோ புகைத்தலை நிறுத்தும்போது மற்றவர் புகைப்பதற்கான வாய்ப்பு 67 சதவீதத்தால் குறைகின்றது. நண்பர் ஒருவர் நிறுத்தினால் 36 சதவீதத்தால் குறைகின்றது. இங்கிலாந்தில் 3,722 தம்பதியரை ஆராய்ந்து 2015 ஆம் ஆண்டு வெளியான மற்றொரு ஆய்வு இன்னும் தெளிவானது. கணவனும் சேர்ந்து நிறுத்திய இடத்தில் புகைக்கும் பெண்களில் 50 சதவீதத்தினர் அப்பழக்கத்தைக் கைவிட்டனர். கணவன் முன்பிருந்தே புகைக்காதவனாக இருந்த இடத்தில் 17 சதவீதத்தினரே கைவிட்டனர். கணவன் தொடர்ந்து புகைத்த இடத்தில் அது 8 சதவீதமாகச் சுருங்கியது.

இவ்விரண்டாவது கணக்கு சிந்தனைக்குரியதாகும். ஏற்கனவே நல்லவராக இருப்பவர் பக்கத்தில் நிற்பதைவிட, தாமும் ஒன்றைக் கைவிட்டு உடன் நடப்பவர் பக்கத்தில் நிற்பதே மாற்றத்துக்குப் பெருந்துணையாகின்றது. பீடியையும் வெற்றிலை புகையிலையையும் விடமுடியாது தவிக்கும் நண்பனுக்கு, அப்பழக்கம் என்றுமே இல்லாதவரின் நீண்ட பிரசங்கத்தைவிட, 'வா, இருவரும் இன்று முதல் நிறுத்துவோம்' என்ற ஒரு வசனம் அதிகம் பயன்தரும்.

தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த உடன் நடத்தல் ஓர் இயக்கமாகவே நிகழ்ந்தது. 1991 ஆம் ஆண்டு அங்கு தொடங்கப்பட்ட அறிவொளி இயக்கத்தில், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்துடன், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலும் கற்பிக்கப்பட்டது. கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதைக் கேலிசெய்த காலம் அது. ஆயினும் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஏறினர் எனக் கணிக்கப்பட்டது. இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அவர்களுள் அடங்குவர். சைக்கிள் பழக்குபவரின் வேலையை நாமெல்லோரும் அறிவோம். பின்னால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு அவரும் வியர்க்க வியர்க்க ஓட வேண்டும். உரிய நேரம் வந்ததும், சொல்லாமலே கையை எடுத்துவிடவும் வேண்டும். ஓடாமல் கரையில் நின்று கத்துபவரும், கையை எடுக்கவே மறுப்பவரும் எவருக்கும் சைக்கிள் பழக்கியதில்லை.

இனி எமது மாவட்டத்துக்கு வருவோம். இருபது ஆண்டுகள் கட்டட வேலை செய்த ஒரு மேசனை எடுத்துக்கொள்வோம். அவர் கட்டிய சுவர் கோணாமல் நிற்கும். ஆனால் அவர் கையில் ஒரு சான்றிதழும் இல்லை. பெரிய ஒப்பந்த வேலைகளிலும் வெளிநாட்டு வேலைவாய்ப்பிலும் சான்றிதழே முதலில் கேட்கப்படுகின்றது. இத்தகையோருக்காகவே எமது நாட்டின் தேசிய தொழிற் தகைமை முறைமையில் ஒரு வழி திறந்துவிடப்பட்டுள்ளது. என்.வி.கியூ. என அறியப்படும் இம்முறைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. பயிற்சி நிலையத்துக்குச் சென்று படிக்காதவரும், அனுபவத்தால் பெற்ற திறமையை மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்து காட்டி உரிய மட்டத்துக்கான சான்றிதழைப் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது இதன் பெயராகும். மேசன், மின்னிணைப்பாளர், தச்சர், தையற்காரர், சமையற்காரர், வாகனத் திருத்துநர் எனப் பலரும் இதற்குத் தகுதியுடையோராவர்.

வழி இருந்தும் பலர் அதில் நடக்கத் தயங்குவது ஏன்? விண்ணப்பப் படிவத்தைக் கண்டதும் பாடசாலையில் பட்ட அவமானம் நினைவுக்கு வருகின்றது. வேலை செய்ததற்கான சான்றுகளைத் திரட்ட வேண்டும். மதிப்பீட்டு நாளில் அன்றைய கூலியை இழக்க வேண்டும். 'போய் ஒரு சேர்ட்டிபிக்கட் எடு' என்று கூறும் நண்பர் இவற்றுள் எதையும் குறைப்பதில்லை. படிவத்தை அருகிலிருந்து நிரப்பிக் கொடுப்பவர், முன்னாள் வேலைகொடுத்தோரிடம் கடிதம் பெற உடன் செல்பவர், அன்றைய கூலியில் பாதியைத் தாம் தாங்குபவர் ஆகியோரே அவருக்கு ஊக்கமளித்தவர்களாவர். 2022 ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது மண்ணெண்ணெய் விலை ஒரே நாளில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதையும், கடலுக்குப் போவதே நட்டமாகிப்போனதையும் கண்ட மீனவக் குடும்பங்களுக்கு, ஒரு நாள் கூலியின் பெறுமதியை எவரும் விளக்கத் தேவையில்லை.

மனைவியரின் முன்னேற்றம் பற்றிப் பேசும்போது கூலியைவிட நேரமே பெருந்தடையாக நிற்கின்றது. திருமணத்தால் படிப்பை நிறுத்திய எத்தனையோ பெண்கள் இரு சமூகங்களிலும் உள்ளனர். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மீண்டும் தோற்ற விரும்பும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அதிகாலை எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, கிணற்றடி வேலை முடித்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்குச் செல்பவரிடம், 'நான் உன்னைத் தடுக்கவில்லையே, படியேன்' என்று கணவர் கூறுவது அனுமதியாகலாம், உதவியாகாது. கிழமையில் மூன்று மாலைகள் பிள்ளைகளைக் கணவர் பொறுப்பேற்பாராயின், அந்த ஆறு மணித்தியாலங்களே அவர் தமது மனைவிக்கு வழங்கக்கூடிய சிறந்த சீதனமாகும். தாயோ மாமியாரோ அயற்பெண்ணோ இவ்விடத்தில் கைகொடுத்தாலும் பலன் ஒன்றே.

ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ளதைக் கொடுக்கும்போது எவ்வளவு பெரிய காரியம் கைகூடும் என்பதற்கு இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாறே சாட்சியாகும். 1883 ஆம் ஆண்டு எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கு வந்த ஒராபி பாஷாவுக்கும், கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞரும் முஸ்லிம் நேசன் பத்திரிகையின் ஆசிரியருமான சித்திலெப்பைக்கும், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காருக்கும் இடையில் ஏற்பட்ட தொடர்பு கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் தோற்றத்துக்கு வழிவகுத்தது. ஒருவரிடம் பேனா இருந்தது. மற்றவரிடம் மக்கள் மதிப்பு இருந்தது. மூன்றாமவரிடம் கட்டட அனுபவமும் பொருளும் இருந்தன. 1892 ஆம் ஆண்டு மருதானையில் எழுந்த பாடசாலையில் இம்மூன்றும் சேர்ந்தன.

எமது மாவட்டத்துக்கே உரிய மற்றொரு வாய்ப்பையும் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகங்களுள் எதுவும் சனத்தொகையில் அரைவாசியைத் தாண்டாத மாவட்டம் இது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 ஜூலை முதலாந் திகதிக்குப் பின்னர் அரச சேவையில் இணைவோர், ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதியும் கொண்டுவரப்பட்டது. அலுவலகத்தில் அருகருகே அமர்ந்திருக்கும் தமிழ் பேசும் ஊழியரும் சிங்கள ஊழியரும் மதிய உணவு வேளையில் அரை மணித்தியாலம் ஒருவருக்கொருவர் ஆசானாகவும் மாணாக்கனாகவும் மாறினால், இருவருமே தேர்ச்சியடைவர். இருவரும் சம அளவில் தடுமாறும் இடத்தில் எவருக்கும் வெட்கம் ஏற்படுவதில்லை. நட்பின் மூலம் கற்பதற்கு இதனினும் பொருத்தமான களம் வேறில்லை.

நட்பை முன்னேற்றத்தின் கருவியாக்க முனையும்போது அது தவறிப்போவதும் உண்டு. நுண்கடன் நிறுவனங்கள் கிராமப் பெண்களைச் சிறு குழுக்களாக்கி, ஒருவருக்கு மற்றவர்களைப் பிணையாக்கிக் கடன் வழங்கின. ஒருவர் தவணை தவறினால் ஏனையோர் செலுத்த வேண்டும். ஒருவரையொருவர் ஊக்குவிப்பதற்கென வகுக்கப்பட்ட ஏற்பாடு, ஒருவர் வாசலில் மற்றவர் காவல் நிற்கும் நிலைக்கு வந்து முடிந்தது. வடக்கு கிழக்கில் பல பெண்கள் ஒரு கடனை அடைக்க மற்றொரு கடனைப் பெற்று நொந்தனர். 2018 ஆம் ஆண்டு அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் நிவாரணம் அறிவிக்கவும், ஆண்டு வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு விதிக்கவும் நேர்ந்தது. தோழியின் சுமையில் விரும்பி ஒரு பகுதியை ஏற்பதற்கும், தோழியைக் கண்காணிக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை இது தெளிவாகக் காட்டுகின்றது. நண்பர் எப்போது காவலராகின்றாரோ அப்போதே அவரது சொல் ஊக்கமளிக்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றது.

இரண்டு எல்லைகளையும் வரையறுத்துக் கூறுவது எமது கடமையாகும். முதலாவது, துணைவரைத் திருத்துதல் என்ற பெயரில் அடியையும் வதையையும் பொறுத்திருக்குமாறு எந்தப் பெண்ணுக்கும் நாம் அறிவுரை கூறலாகாது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அத்தகையோருக்கு நீதிமன்றத்தினூடாகப் பாதுகாப்புக் கட்டளை பெறும் உரிமையை வழங்குகின்றது. அவ்விடத்தில் உண்மையான தோழி செய்ய வேண்டியது, பொறுமையைப் போதிக்காது நீதிமன்றம் வரை உடன் செல்வதாகும்.

இரண்டாவது, தனிமனிதர் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது அரசின் கடமைக்கு மாற்றீடாகாது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது, படகுப் பாதைக்காகக் காத்திருந்தோரின் பயணம் இலகுவாயிற்று. அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியாதிருந்த நிலையில் 2021 நவம்பர் 23 ஆம் திகதி படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறார் உட்படப் பலர் உயிரிழந்தனர். கல்விக்குச் செல்லும் வழியே பாதுகாப்பற்றதாக இருக்கும்போது தன்னம்பிக்கை பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. பாதையும், தமிழ்மொழி மூலப் பயிற்சியும், மாலைநேர வகுப்புகளும் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகளாகும். அவற்றைக் கூடிநின்று கேட்பதும் நட்பின் பணியே.

ஆகவே, எவரேனும் தமது நண்பரையோ வாழ்க்கைத் துணையையோ முன்னேற்ற விரும்புவாராயின், முதலில் அவரது விருப்பம் எதுவென்று கேட்டறிய வேண்டும். பிறர் முன்னிலையில் அவரை மற்றொருவருடன் ஒப்பிடுவதை அறவே நிறுத்த வேண்டும். அவர் ஏற்கனவே செய்து காட்டியதை அவருக்கு நினைவூட்ட வேண்டும். அவரது நாளிலிருந்து ஒரு வேலையைத் தாம் எடுத்துக்கொள்ள வேண்டும். இயலுமாயின் தாமும் ஏதேனுமொன்றைக் கற்கத் தொடங்க வேண்டும். அவர் தனித்து நடக்கக் கற்றதும் நன்றியை எதிர்பாராது கையை எடுத்துவிட வேண்டும்.

இதற்கென மாபெரும் திட்டங்கள் எவையும் தேவையில்லை. மாதர் சங்கங்களும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும், ஆலய, பள்ளிவாசல் நிருவாகங்களும் தத்தமது கட்டடத்தில் ஓர் அறையைக் கிழமைக்குச் சில மாலைகள் திறந்துவிட்டாலே போதுமானது. அங்கு படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவரும், கற்க வருவோரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரும் இருப்பார்களாயின் பல கதவுகள் திறக்கும். நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இதனைத் தொடங்கி வைக்கக்கூடியவர்கள் எமது வாசகர்களிடையே உள்ளனர் என்பது எமது நம்பிக்கை. அடுத்த முறை நண்பரிடம் 'நீ இதைச் செய்யலாமே' என்று கூறுமுன், 'அதில் நான் எதை எடுத்துக்கொள்ளட்டும்' என்று அவர்கள் கேட்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.